பைரசின்னா எல்லாம் ஒண்ணா?

கடலில் கப்பலை மறித்து ஆட்களைப் பிணையாகப் பிடிப்பவனும் பைரேட். சினிமாவை நகல் போட்டு விற்பவனும் பைரேட். ஒரே சொல்! தமிழில் முன்னது கடற்கொள்ளை, பின்னது திருட்டு விசிடி. நம்ம மொழி ஒழுங்காகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்கள்தான் ஆங்கிலச் சொல்லின் மிரட்டலில் மயங்கிவிட்டார்கள்.

1982இல் வந்த தமிழக குண்டர் சட்டத்தில் 2004இல் 'வீடியோ பைரேட்'டையும் சேர்த்தார்கள். விசாரணை முடியாமலே, 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். கள்ளச்சாராயம், போதைப்பொருள் வரிசையில் சிடி விற்றவனும்!

அப்போ நஷ்டமே இல்லையா என்பீர்கள். இருக்கிறது. முதல் நாளே படம் இணையத்தில் வந்தால் தயாரிப்பாளர் முதல் தியேட்டர்காரர் வரை அடிபடுகிறார்கள். அதற்குத்தான் 1957 பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறதே, 3 வருடம் வரை சிறை. வழக்குப் போடுங்கள், நிரூபியுங்கள், பிறகு தண்டியுங்கள். யார் வேண்டாம் என்றது?

இந்தச் சொல்லுக்கு எல்லை கிடையாது, அதுதான் பயம். டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது 2012இல் பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பாடத்துக்குத் தேவையான நகல் உரிமை மீறல் ஆகாது என்று 2016இல் உயர் நீதிமன்றம் சொன்னதால் மாணவர்கள் தப்பினார்கள்.

வீரகேரளம்புதூர் மாதிரி ஊரிலிருந்து படிக்க வருகிறவனுக்கு ஆயிரக்கணக்கில் விலை போட்ட புத்தகம் எட்டாது, ஜெராக்ஸ்தான் எட்டும். அவனும் கொள்ளைக்காரனா? நகலெடுத்தால் நகலெடுத்தான் என்று சொல்லுங்கள். தண்டனையை அதற்கு ஏற்ற மாதிரி வையுங்கள்.