சொல்லும் பொருளும்: ‘லேட்’



சென்ற திங்கள் நம் சங்க அன்பர் ஒருவர், தம் தாயாருக்கான குடும்ப ஓய்வூதிய மனுவை நிரப்ப நம் உதவியை நாடி வந்தார். தந்தையார் கவலைக்கிடமாக இருப்பதாகத் தொலைபேசியில் செய்தி கிடைத்த அன்றே ஊருக்குப் புறப்பட்டவர் அவர். வண்டியோ ஆறு மணி நேரம் தாமதம். தந்தையின் முகத்தைக் கண்டார். குரலைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. மனுவில் தந்தையார் பெயருக்கு முன் ‘லேட்’ என்று எழுதியவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “வண்டியும் லேட், அப்பாவும் லேட். இரண்டுக்கும் ஒரே சொல்தானா, ஸார்?” என்று வினவினார்.

விசாரணை ஜன்னலில் நாள்தோறும் அச்சொல்லைப் பன்முறை கூறும் நமக்கும் அன்று விடை தெரியவில்லை. பின்னர் ஆராய்ந்து கண்டதை இங்கே தருகின்றோம்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் முதன்மையாக ‘மந்தமான, சோம்பிய’ என்னும் தன்மையைக் குறித்தது. நேரம் கடந்ததென்னும் பொருள் அதினின்று கிளைத்தது. ‘இறுதி’ எனப் பொருள்படும் ‘லாஸ்ட்’ என்பதும் இதன் மிகைநிலை வடிவமே. நம் இந்தியக் கடவுச்சீட்டில், அதை உடையவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு வேண்டும் வாசகத்தில் ‘லெட்’ என்றொரு சொல் வருகிறது. அங்கே அதற்கு ‘விடுதல்’ என்பது பொருளன்று. ‘தடை’ என்பதே பொருள். தாமதப்படுத்துவதே தடையாதலின், அதுவும் இவ்வேரினின்று பிறந்ததே.

நம் ‘தாமதம்’ மட்டும் என்ன? மூவகைக் குணங்களுள் மந்தத்தைக் குறிக்கும் தாமத குணமே அதற்கும் மூலம். இரு மொழியினரும் காலங்கடத்தலைச் சோம்பலின் பிள்ளையாகவே கண்டனர் போலும்!

ஆயின், மறைந்தவர் பெயருக்கு முன் நிற்கும் ‘லேட்’ அத்தகைய பழிச்சொல் அன்று. 15-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய அப்பொருளில், ‘அண்மைவரை நம்மோடு இருந்தவர்’ என்பதே கருத்து. ஆதலின்தான் பன்னூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த மன்னரை எவரும் அவ்வாறு குறிப்பதில்லை. நினைவிலே ஈரம் உலராதவர்க்கே அச்சொல் உரியது. நாம் ‘காலஞ்சென்ற’ என்போம். அங்கே சென்றது அவர்தம் காலம்.

இதனை அவ்வன்பரிடம் கூறினோம். சிறிது நேரம் வாளா இருந்து, “அப்படியானால் அவர் லேட் இல்லை, ஸார். நான்தான்” என்றார். மந்தமாய் வந்தது வண்டியேயன்றி அவரல்லர் என்று தேற்றினோம். ஆயினும் அன்றிரவே நாம் ஊரிலுள்ள நம் தந்தையாருடன் தொலைபேசியில் பேசினோம். “என்ன விசேஷம்?” என்று கேட்டார். விசேஷம் ஒன்றும் இல்லை என்றோம். அன்பர்களும் விசேஷம் ஏதுமின்றியே ஒருமுறை பேசிவிடுதல் நன்று.