மழையில் நின்றுபோன துடைப்பான்

அண்மைய மழையொன்றில் காலி வீதி வழியே வந்துகொண்டிருந்தபோது எனது பழைய மொறிஸ் மைனரின் கண்ணாடித் துடைப்பான் திடீரென நின்றுவிட்டது. ஆளியைத் தட்டினால் அசைந்தது; பின்னர் மறுபடியும் நின்றது. எதிரே வருவது பஸ்ஸா, மதிலா என்று தெரியாத நிலையில் வாகனத்தை ஓரங்கட்டி மழை ஓயும்வரை காத்திருந்தேன்.

மறுநாள் சென்ற கராஜில் ஒரு கம்பியைத்தானும் தொட்டுப் பார்க்கவில்லை. "ஐயா, மோட்டோர் முடிஞ்சுது. முழுசா மாத்தவேணும்" என்று தீர்ப்பு வழங்கப்பட்டது. தட்டினால் ஓடுகின்ற மோட்டோர் எவ்வாறு முடிந்திருக்கும் என்ற எனது கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

பின்னர் பஞ்சிகாவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் வாகன மின்வேலை செய்யும் முதியவரிடம் சென்றேன். அவர் ஒரு சாண் வயரை எடுத்து ஆளியின் இரு முனைகளையும் இணைத்தார். துடைப்பான் தடையின்றி ஓடியது. "மோட்டோருக்கு ஒண்டுமில்லை, தம்பி. சுவிச்சுக்குள்ளதான் கரி" என்றார். (என்னைத் தம்பி என்றழைக்கும் வயதுடையோர் இப்போது அதிகமில்லை.)

பற்றரி இணைப்பைக் கழற்றி, ஆளியின் தகரக் காதுகளை மெல்ல நிமிர்த்திப் பிரித்தபோது பித்தளைத் தொடுமுனை கறுத்துப்போயிருந்தது. மோட்டோருக்குச் செல்லும் மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறு முனையூடாகவே செல்கிறது. முனை கருகினால் தடை கூடும். தடை கூடினால் சூடேறும். சூடு மேலும் கருக்கும். மெல்லிய அரத்தாளால் அதைத் தேய்த்து, தளர்ந்திருந்த செப்புத் தகட்டைச் சற்றே வளைத்து, மீண்டும் மூடினார்.

அத்துடன் அவர் நிறுத்தவில்லை என்பதே முக்கியமானது. மோட்டோரிலிருந்து துடைப்பான் அச்சுகளுக்குச் செல்லும் பற்கம்பியின் கிரீஸ் இறுகிப்போய் மோட்டோரை அளவுக்கு மீறி உழைக்கவைத்திருந்தது. அதனாலேதான் ஆளி கருகியது. பழைய கிரீஸைக் கழுவிப் புதிதாகப் பூசினார். புதிய மோட்டோரை வாங்கிப் பூட்டியிருந்தால் அதே சுமையும் அதே கருகிய ஆளியும் அப்படியே இருந்திருக்கும். நானும் அடுத்த மழையில் வீதியோரத்தில் நின்றிருப்பேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்படும்வரை இந்நாட்டு வீதிகளை இயங்கவைத்தவர்கள் இத்தகைய மனிதர்களே. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களும் இவர்களின் இனத்தவரே. இவர்களது கைத்திறனுக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் வழங்க ஏற்பாடு உண்டு. ஆனால் விண்ணப்பப் படிவத்துடன் அலுவலகப் படியேற இவர்களுக்கு நேரமேது? மதிப்பீட்டாளர்கள் ஒழுங்கைகளுக்குள் வரவேண்டும். அதேபோல், மாற்றவேண்டும் எனக் கூறும் கராஜ்கள், எதைச் சோதித்து அம்முடிவுக்கு வந்தன என்பதைச் சிட்டையில் எழுதித்தர வேண்டும். பணம் கொடுப்பவர் அதையாவது கேட்டுப்பெறலாம்.

முதியவரிடம் தொழில் பழக இப்போது எவரும் வருவதில்லையாம். எனது துடைப்பான் நிறுத்தியபின் ஒரு விரற்கிடை மேலேயே நிற்கிறது. அதைச் சரிசெய்ய வரும் சனிக்கிழமை மீண்டும் அவரிடம் செல்லவேண்டும்.