கூரைக்கும் மானியம் வேண்டும்

இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் வருவது போலவே குழாயில் எரிவாயுவும் வருகிறது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அதைத்தான் எரிக்கிறார்கள். குழாய் எட்டாத கிராமங்களில் எண்ணெயையோ மின்சாரத்தையோ நம்ப வேண்டும், செலவு கூடுதல். இத்தகைய வீடுகளில் வாழும் வருவாய் குறைந்த மக்களுக்காக அந்நாட்டு அரசு 2022 முதல் 2025 வரை ஒரு மானியத் திட்டத்தை நடத்தியது. மானியம் எரிபொருள் வாங்குவதற்கு அன்று. சுவருக்கும் கூரைக்கும் வெப்பக்காப்பு செய்வதற்கும், குறைந்த செலவில் வீட்டைச் சூடாக்கும் கருவிகளைப் பொருத்துவதற்கும். ஆண்டுதோறும் எரிபொருளுக்குப் பணம் கொடுப்பதைவிட வெப்பம் ஓடிப்போகும் வழியை ஒருமுறை அடைப்பது மேல் என்பது அதன் கணக்கு.

பனி பெய்யும் நாட்டின் கதை நாஞ்சில் நாட்டுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் பாய்கிறது என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அந்த ஓட்டத்தைத் தடுக்கும் பொருளுக்கு உள் எது, வெளி எது என்று தெரியாது. அங்கே வெப்பம் வெளியே போகாமல் தடுக்கும் அதே பொருள், இங்கே வெப்பம் உள்ளே வராமல் தடுக்கும். விதி ஒன்றுதான், திசைதான் வேறு.

நம் வீட்டுக்குள் வெப்பம் எந்த வழியாக வருகிறது? நாகர்கோவில் ஏறத்தாழ 8 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்டு முடிந்து செப்டம்பர் பிறக்கும் வேளையில் ஒரு நாளும் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். அப்போது நட்டு வைத்த கம்புக்கு நிழல் இராது. அந்த நாட்களை ஒட்டிய வாரங்களில் சுவர்கள் மீது நண்பகல் வெயில் அதிகம் விழுவதில்லை. சுமை முழுவதும் கூரைக்குத்தான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டில் குடிசைகளுக்கு மாற்றாகக் கான்கிரீட் வீடு கட்டிக்கொள்ள உதவும் கலைஞர் கனவு இல்லம் திட்டம் 2024இல் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு 3.5 இலட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. முந்நூறு சதுர அடி என்பது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். மேகமில்லாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் மீது சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. ஆக, கூரை மீது 28,000 வாட். துணி தேய்க்கும் மின்சாரப் பெட்டிகள் 28-ஐ ஒரே நேரத்தில் சூடாக்கி மொட்டை மாடியில் வைத்தால் எப்படியோ, அப்படி.

சாம்பல் நிறக் கான்கிரீட் இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சுகிறது. 10 சென்டிமீட்டர் கனமுள்ள அந்தத் தளத்தின் எடை ஏறக்குறைய 6,700 கிலோ. அது 15 பாகை சூடேறினால் எவ்வளவு வெப்பம் சேர்ந்திருக்கும்? கான்கிரீட்டின் தன்வெப்பத்தைக் கிலோவுக்கு 900 ஜூல் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். சுமார் 9 கோடி ஜூல்; மின்சாரக் கணக்கில் 25 யூனிட். தமிழ்நாட்டு வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றித் தரப்படுகிறதே, அதில் கால் பங்கு! சூரியன் அதை ஒரே பகலில் நம் தலைக்கு மேல் ஏற்றி வைத்துவிடுகிறது. இதில் ஒரு பகுதி வானத்துக்கும் காற்றுக்கும் திரும்பிப் போய்விடும் என்பது உண்மை. மீதி மெல்ல இறங்கி, மாலையிலும் இரவிலும் அறைக்குள் வருகிறது. வெயில் சாய்ந்த பிறகும் வீட்டுக்குள் புழுங்குவது இதனால்தான்.

மின்விசிறி இருக்கிறதே என்பீர்கள். மின்விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. காற்றை நகர்த்தி வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவே. சூடான தளம் கீழே வீசும் வெப்பக் கதிர்களை அது ஒன்றும் செய்யாது. தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும், எழுந்து திண்ணைக்குப் போக முடியாத பாட்டிக்கும் அந்தக் கதிர்களிலிருந்து தப்ப வழியில்லை.

முன்பு எப்படி இருந்தது? தென்னை ஓலையோ பனை ஓலையோ வேய்ந்த புரையில் ஓலைகளுக்கு இடையே அசையாத காற்று சிறைப்பட்டிருக்கும். அசையாத காற்றைவிடக் கான்கிரீட் சுமார் 60 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா போகும்போது அண்ணாந்து பாருங்கள். மேலே சரிந்த ஓட்டுக் கூரை, கீழே மர மச்சு, நடுவே காற்று. அதைக் கட்டிய தச்சர்கள் இயற்பியல் பாடநூல் படித்தவர்கள் அல்லர்.

ஆனால் பழைய ஓலைப்புரைக்கே திரும்புவோம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களில் பலர் கான்கிரீட் வீட்டில் இருந்துகொண்டுதான் சொல்கிறார்கள்! 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஓலைக் கூரை தீப்பிடித்து 94 பள்ளிக் குழந்தைகள் மாண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26இல் குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. இத்தனையும் கண்ட மக்கள் உறுதியான தளம் கேட்பது முற்றிலும் நியாயம். கேள்வி தளம் வேண்டுமா என்பது அன்று. தளத்தோடு அந்தப் பழைய காற்றையும் எப்படிச் சேர்ப்பது என்பதுதான்.

வழிகள் உண்டு. தளத்தின் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிப்பது நம் கொத்தனார்களுக்குப் புதிதன்று. கையில் பணம் குறைந்தால் முதலில் விட்டுவிடும் வேலையும் அதுவே. வெள்ளைப் பூச்சு மலிவானது. வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா அரசு 2023இல் இத்தகைய குளிர் கூரைகளுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. ஆனால் அங்கே சரிப்படுவதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் மாவட்டம் இரண்டு பருவமழையும் பெறுவது. வெள்ளைக் கூரையில் பாசி படர்ந்து கறுத்துவிட்டால் பயன் போயிற்று. ஆண்டுதோறும் தேய்த்துக் கழுவிப் பூச வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. நம் பக்கத்து நகரமான திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கையாண்டது. அவர் பிறந்தது இங்கிலாந்தில் என்பது வேடிக்கையான பொருத்தம். கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. தளத்தின் அடிப்பகுதியில் இழுவிசையைத் தாங்குபவை கம்பிகளே. அங்கே கம்பிகளுக்கு இடையில் உள்ள கான்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமை. அந்த இடத்தில் அவர் இரண்டிரண்டு ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவே காற்று நிற்கும்படி வைத்துத் தளம் வார்த்தார். கான்கிரீட் மிச்சம், எடை குறைவதால் கம்பியும் மிச்சம், வெப்பமும் தடைப்படுகிறது. பழைய வீட்டைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஓடுகளே இதற்குப் போதும்.

இனி மானியத்துக்கு வருவோம். 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் சூரிய ஒளி விளக்குகள் தந்தார்கள். 2024 முதல் மைய அரசு, கூரையில் சூரிய மின்தகடு வைப்போருக்கு 78,000 ரூபாய் வரை கொடுக்கிறது. மின்சாரத்தை உண்டாக்க உதவி உண்டு, செலவிட உதவி உண்டு. வீட்டின் பரப்பும் கூரையின் வகையும் விதிகளில் உண்டு. அந்தக் கூரையின் கீழே பிற்பகல் மூன்று மணிக்கு ஒருவர் இருக்க முடியுமா என்பது மட்டும் கேட்கப்படுவதாகத் தெரியவில்லை. வீட்டு மானியத்தில் இருபதில் ஒரு பங்கைக் கூரையின் வெப்பக்காப்புக்கென்று ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. 3.5 இலட்சத்தில் அது 17,500 ரூபாய். சதுர அடிக்கு 58 ரூபாய்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2024-25இல் மட்டும் ஒரு இலட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்தார்கள். வீட்டுக்கு 17,500 கூடுதலாகக் கொடுத்தால் 175 கோடி ரூபாய். அந்தப் பணத்தில் இன்னும் 5,000 வீடுகள் கட்டலாமே? ஒழுகும் குடிசையில் காத்திருக்கும் 5,000 குடும்பங்களிடம் போய், மற்றவர்கள் வீடு குளிர்ச்சியாக இருக்கட்டும், நீங்கள் பொறுங்கள் என்று சொல்ல முடியுமா? இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஓடு பதித்த தளத்தில் மிச்சமாகும் கான்கிரீட்டும் கம்பியும் இந்தச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும். தளம் பல பத்தாண்டுகள் நிற்கும். அத்தனை கோடைகளிலும் ஓடும் விசிறிகளுக்கான மின்சாரத்தில் ஒரு பகுதியை அரசுதானே ஏற்கிறது? தளம் வார்த்த பிறகு திருத்துவது கடினம், வார்க்கும்போது செய்வது எளிது. வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. பேரிடர் என்று ஏற்றுக்கொண்டால் அதைத் தாங்கும் வீட்டையும் கட்டத்தானே வேண்டும்?

நான் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம்; அளந்து பாருங்கள். ஓட்டு வீடு, தட்டோடு பதித்த வீடு, வெறும் கான்கிரீட் வீடு, ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த வீடு என ஒரே தெருவில் நான்கு வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் கூரையிலிருந்து ஒரு முழம் கீழே, வெயில் படாத இடத்தில், ஒரே வகை வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரம், காலை ஆறு, நண்பகல், பிற்பகல் மூன்று, இரவு ஒன்பது ஆகிய வேளைகளில் அளவைக் குறியுங்கள். இரவு ஒன்பது மணிக் குறிப்பைத் தவறவிடாதீர்கள். கான்கிரீட்டின் குணம் அப்போதுதான் தெரியும். மே முதல் நாள் கிராமசபை கூடும். அந்த அட்டவணையைப் பெற்றோரிடம் கொடுத்து அங்கே படிக்கச் சொல்லுங்கள்.