மருத்துவ ஏடு வாசிக்கும் இயந்திரமும் எம்மூர்ச் சொற்களும்

“காய்ச்சலுக்கு மருந்து”, “மருந்தாற் காய்ச்சல்” என்னும் இரு தொடர்களைக் கரும்பலகையில் எழுதியே வேற்றுமைப் பாடத்தைத் தொடங்குவது என் வழக்கம். பெயர்கள் இரண்டும் அவையே. உருபு மாறியதும் நோயைத் தீர்ப்பது நோயைத் தருவதாயிற்று. மாணவர் சிரிப்பர். இவ்வேறுபாட்டைக் கணினிக்குக் கற்பிக்க உலகின் பெரிய மருத்துவ நூலகமொன்று பல்லாண்டு உழைத்ததென்று சொன்னாற் சிரிப்பு அடங்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் பேணும் ‘பப்மெட்’ பட்டியலில் 3.5 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் உள. வாணாள் முழுவதும் வாசித்தாலும் ஒருவர் அவற்றை முடித்தல் இயலாது. ஆதலின் 1986இல் அந்நூலகம், ஒரு நோய்க்கு வழங்கும் பல பெயர்களையும் ஓர் எண்ணின்கீழ் அடக்கும் பெருமுயற்சியைத் தொடங்கிற்று. அதன்மேல் எழுந்தனவே ‘மெற்றாமப்’, ‘செம்றெப்’ முதலிய மென்பொருள்கள். முன்னது வாக்கியத்திலுள்ள சொற்றொடரை அதற்குரிய எண்ணோடு பொருத்தும். பின்னது இன்ன மருந்து இன்ன நோயைத் தீர்க்கும், இன்னது இன்னதை விளைக்கும் என எழுவாயும் பயனிலையும் செயப்படுபொருளுமாகப் பிரித்தெடுக்கும். நன்னூல் பயின்றோர்க்கு இஃது அந்நியமான தொழிலன்று.

இதனாற் பயன் என்னை எனின், அதே 1986இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்து டொன் சுவான்சன் செய்தது ஒன்றே சாலும். மீனெண்ணெய் குருதியின் பிசுபிசுப்பைக் குறைக்கும் என்றன சில கட்டுரைகள். குளிரில் விரல் வெளிறும் றேனோ நோயிற் குருதி பிசுபிசுத்திருக்கும் என்றன வேறு சில. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கியவர் இலர். மருத்துவரல்லாத சுவான்சன் ஏடுகளை வாசித்தே இரண்டையும் இணைத்தார். பின்வந்த பரிசோதனையொன்று அந்நோயாளருள் ஒரு சாரார்க்குப் பயன் கண்டது. (நாற்புறமும் மீன் சூழ வாழும் எமக்கு இச்செய்தி சிக்காகோவிலிருந்து வரவேண்டியிருந்தது!)

எனினும் இயந்திரம் வழுக்கும் இடமும் உண்டு. “நெஞ்சுநோ இல்லை” என்ற குறிப்பில் நெஞ்சுநோவை மட்டும் பொறுக்கி, இல்லையை விட்டுவிட்டால் நோயாளி கதி யாது? இதற்கென 2001இல் வெளிவந்த ‘நெக்எக்ஸ்’ என்னும் எளிய முறை, எதிர்மறைச் சொல்லைக் கண்டதும் அதனை அடுத்த ஐந்து சொற்களுக்குள் வரும் நோய்ப்பெயரை விலக்கிற்று. ஆங்கிலத்தில் எதிர்மறை பெரும்பாலும் முன்னே வரும். தமிழிலோ “காய்ச்சலும் இருமலும் சத்தியும் இல்லை” என ஈற்றில் நின்று மூன்றையும் மறுக்கும். ஆங்கிலக் கருவியை அப்படியே தமிழுக்குப் பெயர்த்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இலக்கணத்தைக்கூடக் கற்பித்துவிடலாம். சொல்லே எனக்குப் பெருங்கவலை. சென்ற ஆண்டு இத்தீவிலிருந்து ஒரு தாயார், “அம்மம்மாவுக்குச் சரியான வருத்தம்” என ரொறன்ரோவிலுள்ள பேரனுக்குச் செய்தி அனுப்பினார். தமிழ் வாசிக்கத் தெரியாத அப்பிள்ளை அதனை ஒரு மொழிபெயர்ப்புச் செயலியிற் கொடுக்க, பாட்டியார் மிகுந்த மனத்துயரில் இருப்பதாக அது சொல்லிற்று. அவர் ஆறுதல் மொழி அனுப்பினார். பாட்டியாரோ அவ்வேளை குறிகட்டுவானுக்குப் படகில் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தார். எமக்கு வருத்தம் நோய்; தமிழ்நாட்டார்க்கு அது துயரம். எம்மவர் சத்தியெடுத்தார் என்றால் வாந்தி. கரை கடந்தால் அதுவே ஆற்றல். தொய்வு, குக்கல், கூகைக்கட்டு, சின்னமுத்து, கொப்பளிப்பான், நெருப்புக்காய்ச்சல் ஆகியவற்றை எந்த எண்ணோடு எவர் பொருத்துவர்?

இக்காலப் பேரளவு மொழி மாதிரிகள் பட்டியலின்றியே எல்லாம் கற்றுக்கொள்ளும் என்பர் கணினி பயின்ற நண்பர். கற்கும், எழுதப்பட்டதைக் கற்கும். மருத்துவமனையில் எம் முதியோர் சொல்வது தமிழ். குறிப்பேட்டில் ஏறுவது ஆங்கிலம். இடையில் உதிர்ந்த சொல்லை எம்மாதிரி எங்கிருந்து கற்பது?

இப்பணி எமக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் தமிழிற் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், நூல்களை மொழிபெயர்த்ததோடு சொற்கோவைகளையும் தொகுத்தார். 2024இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டிற் சித்த மருத்துவத்துக்கும் இடம் தந்தது. நன்றே, ஆயினும் அது வைத்தியர் வாய்ச்சொல். நோயாளியின் வாய்ச்சொல் இன்னும் தொகுபடவில்லை. வைத்தியராயும் கணினி வல்லுநராயும் உலகெங்கும் விளங்கும் நம் பழைய மாணவர், கட்டடத்துக்கு நிதி அளிப்பதுபோல இதற்கும் தம் அறிவிற் சிறிது அளிக்கவேண்டும் என்பதே என் வழக்கு.

என் மாணவர் ஒரு கொப்பியில் தொடங்கியுள்ளனர். ஒரு பக்கம் பாட்டியார் சொன்ன சொல். மறுபக்கம் அதன் பொருள். ‘கிரந்தி’ என்பதற்கு எதிரே மட்டும் இடம் வெறுமையாயிருக்கின்றது. இறாலும் நண்டும் கத்தரிக்காயும் கிரந்தி என்று விலக்குவர் எம் பெண்கள்; குழந்தையின் உடலிற் பருப்பருவாய் எழுவதும் கிரந்தியே; அகராதியோ முற்றிலும் வேறொரு நோயைக் காட்டுகின்றது. வைத்தியராயுள்ள பழைய மாணவர் எவரேனும் அம்மன் தரிசனத்துக்கு இங்கு வரும்போது, பாடசாலைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்ப்பாராயின் அக்கொப்பியைக் காட்டுவேன்.