மிச்சமான ஓராண்டு எங்கே போனது?



அண்மையில் யோங் பெங் கடைத்தெருவில் ஒரு தந்தையார் என்னை நிறுத்தி, "டீச்சர், கோள்கள் ஒன்பதா, எட்டா? நான் படித்தபோது ஒன்பது. என் மகன் எட்டு என்று எழுதியிருக்கிறான். யார் சொல்வது சரி?" என்று கேட்டார். மகன் எழுதியதே சரி என்று கூறினேன். 2006 ஆகஸ்டு 24ஆம் நாள் பிராக் நகரில் கூடிய அனைத்துலக வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என வகைப்படுத்திய செய்தியையும் சொன்னேன். அவர் மனநிறைவோடு சென்றுவிட்டார். எனக்குத்தான் நிறைவில்லை.

ஒன்பதா எட்டா என்பது பெயர் சூட்டுவது பற்றிய வினா. அறிஞர்கள் கூடி வாக்களித்து முடிவு செய்தார்கள். நாளை மாற்றவும் கூடும். எந்த வாக்கெடுப்பாலும் மாறாத ஒன்று இருக்கிறது. அதுதான் புளூட்டோ செல்லும் பாதை. நம் வகுப்பறைகளில் பெயரையும் எண்ணிக்கையையும் மனனம் செய்விக்கிறோம். பாதையைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். இதனால் நம் பிள்ளைகள் இழப்பது சிறிதன்று என்பதே என் கருத்து.

அந்தப் பாதையைச் சற்றுப் பாருங்கள். சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவை ஒன்று எனக் கொண்டால், நெப்டியூன் ஏறத்தாழ 30 மடங்குத் தொலைவில், கிட்டத்தட்ட வட்டமாகச் சுற்றுகிறது. பனியும் பாறையும் சேர்ந்த புளூட்டோவோ நீள்வட்டத்தில் செல்கிறது. சூரியனை நெருங்கும்போது அதன் தொலைவு 30 மடங்கிற்குச் சற்றுக் குறைவு. விலகும்போது 49 மடங்கு. ஆகவே அது சில காலம் நெப்டியூனைவிடச் சூரியனுக்கு அருகில் வந்துவிடும். 1979 முதல் 1999 வரை அப்படித்தான் இருந்தது.

இதை ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சொன்னபோது, "அப்படியானால் இரண்டும் மோதிக்கொள்ளாதா?" என்று மாணவர்கள் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன். நெப்டியூன் சூரியனை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 165 ஆண்டுகள். புளூட்டோவிற்கு 248 ஆண்டுகள். நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும் காலத்தில் புளூட்டோ இரண்டு சுற்று முடிக்கிறது. அதனால் புளூட்டோ சூரியனை நெருங்கி வரும் ஒவ்வொரு முறையும் நெப்டியூன் வேறு பக்கத்தில் இருக்கும். இவ்விரண்டும் ஒன்றையொன்று நெருங்கும் மிகக் குறைந்த தொலைவே பூமி-சூரியன் தொலைவைப் போல் 17 மடங்கு.

பாடம் முடிந்தது என்று எண்ணினேன். ஒரு மாணவி மட்டும் எழுதுவதை நிறுத்தவில்லை. 165-ஐ மூன்றால் பெருக்கினாள்; 495. 248-ஐ இரண்டால் பெருக்கினாள், 496. "டீச்சர், ஒரு வருஷம் மிச்சம் வருதே, அது எங்க போச்சு?" என்றாள்.

"அது தோராயக் கணக்கு, அம்மா" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டேன். வீட்டிற்குப் போன பிறகுதான் என் தவறு உறைத்தது. எண்களை முழுமையாக்கியதில் சிறிது பிழை உண்டு என்பது உண்மைதான். ஆனால் துல்லியமான எண்களை எடுத்தாலும் அந்த மிச்சம் மறைவதில்லை. அப்படியானால் ஒவ்வொரு 500 ஆண்டிற்கும் சிறிது சிறிதாக விலகி, என்றாவது ஒரு காலத்தில் நெப்டியூன் புளூட்டோவின் வழியில் வந்து நிற்க வேண்டுமல்லவா? அந்தச் சிறுமி கேட்டது இதைத்தான்.

வானியலார் தந்த விடை அழகானது. நெப்டியூனின் ஈர்ப்பு புளூட்டோவைச் சில காலம் சற்று முன்னோக்கியும், சில காலம் சற்றுப் பின்னோக்கியும் இழுக்கிறது. அதனால் புளூட்டோ சுற்றும் காலம் கொஞ்சம் நீள்கிறது. பிறகு கொஞ்சம் குறைகிறது. ஊஞ்சல் ஒரு பக்கம் போய்த் திரும்புவதுபோல் விலகிய கணக்குத் திரும்பி வருகிறது. இந்த ஊஞ்சல் ஒரு முறை ஆடி முடிக்க ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் ஆகும். நீண்ட காலச் சராசரியில் மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதம் பிசகுவதே இல்லை. இதனை ஒத்திசைவு என்கிறோம். 1965இல் கோஹன், ஹப்பர்டு என்னும் இருவர் கணினியின் துணையோடு 1,20,000 ஆண்டுக் காலத்திற்குப் பாதையைக் கணித்து இதனைக் கண்டறிந்தனர்.

இந்த ஒத்திசைவு எப்படி உண்டானது என்பதற்கு விளக்கம் தந்தவர் ஓர் இந்தியப் பெண்மணி. ரேணு மல்ஹோத்ரா புதுடில்லியில் பிறந்து, ஐதராபாத்தில் வளர்ந்து, டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியல் பயின்றவர். 1993இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம் இதுதான்: நெப்டியூன் முற்காலத்தில் சூரியனுக்கு இன்னும் அருகில் இருந்தது. சுற்றிலுமிருந்த சிறு பனிப்பொருள்களைச் சிதறடித்தபடியே அது மெல்ல வெளியே நகர்ந்தது. நகரும்போது புளூட்டோவை அந்த விகிதத்தில் பிடித்துக்கொண்டு உடன் தள்ளிச் சென்றது. தள்ளத் தள்ளப் புளூட்டோவின் பாதை நீண்டது. இது உண்மையானால் புளூட்டோவைப் போலவே சிக்கிய வேறு பொருள்களும் அங்கே இருக்க வேண்டும். இருந்தன. 1992இல் ஜூவிட், ஜேன் லூ ஆகியோர் கைப்பர் பட்டையின் முதற்பொருளைக் கண்டறிந்ததைத் தொடர்ந்து, அதே விகிதத்தில் சுற்றும் பனிப்பொருள்கள் நூற்றுக்கணக்கில் கண்டறியப்பட்டுள்ளன.

ஆசிரிய நண்பர்களே, இவ்வளவையும் தொடக்கப்பள்ளியில் நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். பள்ளித் திடல் ஒன்று போதும். நடுவில் ஒரு மாணவர் சூரியனாக நிற்கட்டும். அவரைச் சுற்றி நெப்டியூனுக்கு ஒரு வட்டம் வரையுங்கள். ஒரு பக்கம் அதற்குச் சற்று உள்ளேயும், மறுபக்கம் வெகு வெளியேயும் செல்லுமாறு புளூட்டோவிற்கு ஒரு பாதை வரையுங்கள். புளூட்டோ, பாதையில் சூரியனுக்கு மிக அருகிலுள்ள இடத்தில் நிற்கட்டும். நெப்டியூன் அங்கிருந்து கால் வட்டம் தள்ளி நிற்கட்டும். மற்றவர்கள் கைதட்டி எண்ணட்டும். நெப்டியூன் 20 தட்டலுக்கு ஒரு சுற்று, புளூட்டோ 30 தட்டலுக்கு ஒரு சுற்று, இருவரும் ஒரே திசையில். புளூட்டோ தொடங்கிய இடத்திற்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் நெப்டியூன் கால் வட்டம் விலகியே இருப்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். எங்கள் பள்ளித் திடலில் நான் செய்து பார்த்துவிட்டேன். அந்த மாணவிதான் புளூட்டோவாக நடந்தாள். ஓராண்டின் விடையையும் அன்றே சொல்லி, முன்பு தவறாகச் சொன்னதற்கு வருத்தமும் தெரிவித்தேன்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003இல் வந்தது; 2012 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது; 2016இல் இருமொழித் திட்டம் வந்தது. எந்த மொழியில் படித்தால் பிள்ளை முன்னேறும் என்று இன்றும் வாதிடுகிறோம். நான் கண்டதைச் சொல்கிறேன். அந்தக் கேள்வி தமிழில் பிறந்தது, அவள் தமிழில் சிந்தித்ததால். ஈர்ப்பு, சுற்றுப்பாதை, ஒத்திசைவு என்ற சொற்களால் விடையும் தமிழில் சொல்ல முடிந்தது. ஆங்கிலமும் மலாயும் அவளுக்கு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி பிறக்கும் மொழியை முதலில் அடைத்துவிட்டு, பிறகு விடைகளை எந்த மொழியில் கொட்டினாலும் என்ன பயன்?

உங்கள் பிள்ளை கோள்கள் எத்தனை என்று ஒப்புவித்தால் பாராட்டுங்கள். கணக்கில் ஓராண்டு மிச்சம் வருகிறதே என்று கேட்டால், தோராயம் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். நான் ஒரு முறை அப்படிச் செய்துவிட்டேன். நீங்கள் செய்யாதிருங்கள்.

அன்புடன்,
யோங் பெங்கிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை