‘எல்லாம் மனசுதான்’ என்கிறவர்களுக்கு

மயிலாப்பூரில் என் பெரியம்மா வீட்டுச் சமையலறையில், கடுகு டப்பாவுக்குப் பின்னால், பிரிக்கப்படாத பன்னிரண்டு மாத்திரை அட்டைகள் இருந்தன. அட்டோர்வாஸ்டாட்டின், 20 மில்லிகிராம். நான்கு மாதமாக அவர் கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தொடவேயில்லை. மாதாமாதம் அண்ணன் மெடிக்கல் ஷாப்பிலிருந்து வாங்கி வந்து தருவான். “போட்டாச்சாம்மா?” என்பான். “ஆச்சுப்பா” என்று சொல்லிவிட்டு அட்டையை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவார்.

கண்டுபிடித்தவள் நான். கண்டுபிடித்ததும் செய்த முதல் காரியம் அவரைத் திட்டியது. படித்தவள், பெண்ணுரிமை பேசுகிறவள், நானும் அதைத்தான் செய்தேன்.

“தொடையில யாரோ துணி பிழியற மாதிரி இருக்குடி. மாடிப்படி ஏற முடியல. டாக்டர்கிட்ட சொன்னேன். வயசாயிடுச்சில்லம்மான்னாரு. அடுத்த தடவையும் சொன்னேன். உங்க அண்ணனைப் பார்த்துச் சிரிச்சாரு. அப்புறம் எதுக்குச் சொல்லணும்?”

பெரியப்பாவுக்கும் அதே டாக்டர், அதே மாத்திரை. அவர் ஒரே ஒருமுறை கெண்டைக்கால் வலிக்கிறது என்றார். உடனே ரத்தப் பரிசோதனை எழுதப்பட்டது, மாத்திரையின் அளவும் குறைக்கப்பட்டது. ஆணின் கால்வலி மருந்தால் வருகிறது. பெண்ணின் கால்வலி வயதால், மெனோபாஸால், ‘எதையாவது நினைச்சுக்கிட்டே இருக்கறதால’ வருகிறது.

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நேரத்தில் நடக்கும் பெண்களிடம் பேசிப் பாருங்கள். ‘நிறுத்திட்டேன்’ என்பதை ஓடிப்போன கதையைச் சொல்வதுபோல், குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். மகனுக்குத் தெரியாது, கணவருக்குத் தெரியாது, டாக்டருக்கு நிச்சயமாகத் தெரியாது. வலியைச் சொல்ல இடமில்லாதபோது ரகசியமாக நிறுத்துவது ஒன்றுதான் மிச்சமிருக்கும் வழி. இதற்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் ‘ஒத்துழையாமை’. காந்தி செய்தால் போராட்டம், பெரியம்மா செய்தால் அறியாமை.

மாத்திரையே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், நீண்டகாலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தாமாக நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. கொள்ளு ரசமும் பூண்டும் அந்த இடத்தை நிரப்பாது. 27 ஆய்வுகளில் பங்கேற்ற 1,74,000 பேரின் விவரங்களை ஒன்றாகத் தொகுத்து 2015இல் ‘லான்செட்’ இதழில் வந்த அறிக்கை, ஒரே அளவு ஆபத்து உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் ஸ்டாட்டின் ஏறக்குறைய ஒரே அளவு பயன் தருகிறது என்று காட்டியது. அதை ஏற்கிறேன். ஆனால் அந்த 1,74,000 பேரில் பெண்கள் கால் பங்குக்குச் சற்றே மேல். அதற்கும் முன்னால் போனால், 1994இல் வெளிவந்த ஸ்காண்டிநேவிய ஆய்வில் 4,444 பேரில் 827 பேர் பெண்கள். மாரடைப்பு வராதவர்களுக்கும் இந்த மருந்தைக் கொடுக்கலாம் என்பதற்குப் பெரிய ஆதாரமான 1995ஆம் ஆண்டின் மேற்கு ஸ்காட்லாந்து ஆய்வில் 6,595 பேர். அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்கூட இல்லை. ‘உங்களுக்கும் இது பொருந்தும்’ என்று சொல்ல இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர்களுக்கு, ‘எனக்கு வலிக்கிறது’ என்பதைக் கேட்க இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

சரி, வலி உண்மையா? இங்கேதான் ‘எல்லாம் மனசுதான்’ கட்சி ஓர் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் நடத்தி, 2020இல் வெளிவந்தது. பெயர் சாம்சன். பக்க விளைவு தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேர். அவர்களுக்கு நான்கு மாதம் உண்மையான மாத்திரை, நான்கு மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நான்கு மாதம் எதுவுமில்லை, எல்லாம் வரிசை மாற்றி மாற்றி. எதுவும் எடுக்காத மாதங்களில் வலி நூற்றுக்கு 8. போலி மாத்திரையில் 15.4. உண்மை மாத்திரையில் 16.3. அதாவது தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் வந்தது. பார்த்தாயா, கற்பனை என்கிறார்கள்.

அந்த ஆய்வை முழுதாகப் படியுங்கள். பங்கேற்றவர்கள் தினமும் கைபேசியில் தங்கள் தொந்தரவுக்கு ஒரு எண் போட்டார்கள். முடிவில் அவரவர் வரைபடத்தை அவரவரிடமே காட்டினார்கள். அதன்பின் 30 பேர் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். யாரும் அவர்களைத் திட்டவில்லை, பார்த்துச் சிரிக்கவில்லை. ஒரு வருடம் தினமும் ‘இன்றைக்கு எப்படி இருக்கிறது’ என்று கேட்டார்கள், அவ்வளவுதான். போலி மாத்திரையில் வந்த வலியும் வலிதான். 15 என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. பெண்களின் வாயை அடைக்க நீட்டப்படும் இந்த ஆய்வு, சென்னையின் எந்தக் கன்சல்டிங் அறையிலும் நடக்காத ஒரு காரியத்தைச் செய்து காட்டியிருக்கிறது.

மீதிப் பத்து சதவீதத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள். வயதானவர்கள், ஒல்லியான உடல்வாகு உள்ளவர்கள், பெண்கள், தைராய்டு குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஸ்டாட்டினால் தசை பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது மருத்துவப் பாடப்புத்தகத்தில் இருப்பது. அதே வகையைச் சேர்ந்த செரிவாஸ்டாட்டின் தசையையே சிதைத்துச் சாவுகளுக்குக் காரணமானதால், 2001இல் பேயர் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. ரோசுவாஸ்டாட்டின் ஆசியர்களின் ரத்தத்தில் வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்கிறது, எனவே 5 மில்லிகிராமில் தொடங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே சொல்லிவிட்டது. எடுத்த எடுப்பில் 20 எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இன்னொரு பக்கமும் உண்டு. தி. நகரின் பாரதி நகரிலும் திருமங்கலம் ஏசியாட் காலனியிலும் வசித்த 1,262 பேரிடம் நடத்தி 2001இல் வெளியான ஆய்வில் 11 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய் இருந்தது. இதய நோய் பணக்கார ஆண்களின் சொத்து என்ற நினைப்பு அப்போதே உடைந்திருக்க வேண்டும். அதே தி. நகரில், ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நின்றே புடவை பிரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தவே 2021 ஆனது. அப்படி இருபது வருடம் நின்ற ஒரு பெண் ஐம்பது வயதில் ‘காலெல்லாம் குடையுது’ என்று வந்தால், அது மாத்திரையின் வலியா, கடையின் வலியா? அவளுடைய வேலை என்ன, எத்தனை மணி நேரம் நிற்கிறாள் என்று கேட்காமல் எப்படிச் சொல்வீர்கள்? கேட்காமலே ‘மாத்திரையால இல்லம்மா’ என்கிறீர்கள். அவள் தன் கூலியில் பிடித்துப் பிடித்து வாங்கும் அட்டையில் எதை முதலில் நிறுத்துவாள் என்பது உங்களுக்குத் தெரியாதா?

பெரியம்மாவை நான் திட்டிய மறுநாள், வெட்கப்பட்டுக்கொண்டே, ஒரு வேலை கொடுத்தேன். தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்புறம் அன்றைய வலிக்குப் பத்துக்கு ஒரு எண். மாத்திரை இல்லாமலே மூன்று வாரம் எழுதினார். எண் நாலுக்குக் கீழே இறங்கவேயில்லை. மாத்திரை போட்ட நாட்களில் ஏழு எட்டு இருந்திருக்கும் என்றார்.

அந்தத் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, அடையாறில் வேறொரு டாக்டரிடம் போனோம். அண்ணனை வெளியே உட்கார வைத்தோம். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “மாத்திரை இல்லாமலே இவ்வளவு வலின்னா தைராய்டு பார்க்கணுமே, எப்ப பார்த்தீங்க?” என்றார். பார்த்ததேயில்லை. மூன்று வருடமாக லிப்பிட் புரொஃபைல் மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்திருந்தார்கள்.

டி.எஸ்.எச். எகிறியிருந்தது. தைராய்டு குறைந்தால் தசை வலிக்கும், கொலஸ்ட்ராலும் ஏறும், அதன்மேல் ஸ்டாட்டின் கொடுத்தால் வலி இரட்டிப்பாகும். மூன்றும் ஒரே உடம்பில் இருந்திருக்கின்றன. அந்த உடம்புக்காரி இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறார்.

இப்போது தைராய்டு மாத்திரை காலையில், வெறும் வயிற்றில். கொலஸ்ட்ரால் கொஞ்சம் தானாகவே இறங்கியது. சில மாதம் கழித்து ரோசுவாஸ்டாட்டின் 5, ஒன்றுவிட்டு ஒரு நாள் இரவு. அது பெரியம்மா ஒப்புக்கொண்ட ஏற்பாடு. வலி திரும்பினால் நிறுத்திவிட்டு அன்றைக்கே போன் செய்யலாம் என்று டாக்டர் சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். போன வாரம் போயிருந்தபோது காலண்டர் தாளைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு என்று எழுதி, பக்கத்தில் ‘பங்குனி உத்திரக் கூட்டத்தில் நின்றது’ என்று குறித்திருந்தார்.