காது பாத்தாச்சா?

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்க, சேரியிலிருந்து ஒரு தாய் வங்கியில் என் மேசைக்கு வந்தார். மகனுக்கு ஐந்து வயது. காது கேளாது, பேச்சில்லை. ‘லேட்டாப் பேசுவான்னாங்க சார், நம்பிட்டோம்.’ பிறந்தப்போ காதைப் பாத்தாங்களா என்றேன். ‘எடை பாத்தாங்க, ஊசி போட்டாங்க.’

ஆயிரம் குழந்தைகளில் ஒன்றிரண்டு செவித்திறன் குன்றிப் பிறக்கின்றன. தூங்கும் சிசுவின் காதில் சின்னக் குழலை வைத்து ஒலி அனுப்பினால், உட்செவி திருப்பியனுப்பும் மெல்லிய ஒலியைக் கருவி பதிந்துவிடும். சில நிமிட வேலை. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்றுக்குள் உறுதிசெய்தல், ஆறுக்குள் காதுக் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர்கள் கணக்கு. கருவியோ சைகையோ, மொழி அந்த வயசிலேயே வந்து சேரணும்.

2013இல் வந்த ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய திட்டத்தின் பட்டியலில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் இருக்கிறது. காகிதத்தில் நமக்கு எப்போது குறை வைத்தார்கள்? முதல் சோதனையில் தேறாத பிள்ளையை டவுனுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். பச்சை உடம்புக்காரி, புருசன் கூலியையும் கெடுத்து எத்தனை தடவை அலைவாள்? வராவிட்டால் ‘அறியாமை’ என்று எழுதி மூடிவிடுவார்கள்.

தோழர்களே, பஞ்சமி நிலம், இட ஒதுக்கீடு என்று நீளும் நம் மனுவில் இதையும் சேருங்கள்: பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்தக் கருவி, மறுசோதனை நாளுக்குக் கூலி. மாணவர்கள் இந்த வாரமே சேரியில் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்க் கேளுங்கள்: காது பாத்தாச்சா?